பழைய ஜப்பான் வண்டி எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

ஆர்எக்ஸ்100, ஈரோடு

வீட்டுத் திண்ணையிலோ போர்டிகோவிலோ எஞ்சினை இறக்கி வேலை பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் என் கதை. மற்றவர்கள் தொடருங்கள்.

என்னிடம் இருப்பது சித்தப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ்100. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி, 98 சிசி, 11 குதிரைத்திறன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் கைக்கு வரும்போதே ஓவர்சைஸ் பிஸ்டனில் ஓடிக்கொண்டிருந்தது. பெருந்துறை ரோட்டில் கொஞ்ச தூரம் இழுத்து ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் (சீஸ் என்போம்). பட்டறையில் காட்டினால் ஒரே பதில்தான்: "ஆயில் பம்ப் சரியா ஊத்தல தம்பி, போர் போட்டுடலாம்." சிலிண்டர் பிளாக்கைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவதுதான் போர் போடுவது. போடுவார்கள். சில மாதம் சும்மா பறக்கும். அப்புறம் பழையபடி சீஸ். ஸ்டாண்டர்ட் போர் 50 மி.மீ.; அதிலிருந்து கால் கால் மில்லிமீட்டராக ஏறி 51 வரை போகலாம். அதற்கு மேல் லைனர் என்கிற உள்குழாயைத்தான் மாற்ற வேண்டும். என் பிளாக்கில் ஒரே ஒரு அளவு பாக்கி இருந்தபோது, இனி காரணம் தெரியாமல் பிளாக்கை யாரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு வசதி, எதையும் பிரிப்பதற்கு முன்பே பிஸ்டனைப் பார்த்துவிடலாம். சைலன்சரைக் கழற்றிவிட்டு எக்ஸாஸ்ட் துவாரத்தில் டார்ச் அடித்தால் போதும். பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுக்க நீளக் கீறல்கள். பிற்பாடு பிளாக்கைத் தூக்கியபோது கார்புரேட்டர் பக்கம் சுத்தமாக இருந்தது. ஆயில் போகாமல் பிடித்திருந்தால் சுற்றிலும் கீறியிருக்கும். இடைவெளி போதாமல் இறுக்கமாகப் போர் போட்டிருந்தால் பெரும்பாலும் நாலு மூலையில் பிடித்த தடம் தெரியும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறி, பிளக்கும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பட்டறையில் அதை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி மறைத்திருந்தார்கள்.

காற்று எங்கிருந்து நுழைகிறது என்று பார்க்க அப்பாவின் பழைய பிபி மெஷின் உதவியது. கைப்பட்டியைக் கழற்றிவிட்டால் மீதி இருப்பது ஒரு பம்பும் மீட்டரும்தானே. எக்ஸாஸ்ட் துவாரத்தைச் சைக்கிள் டியூப் துண்டும் மேலே ஒரு தகடும் வைத்து முடுக்கி அடைத்தேன். கார்புரேட்டர் உட்காரும் ரப்பருக்கு ஒரு கார்க், கிளாம்ப். டூ-டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் எஞ்சின் ஆயில்) வரும் சின்னத் துளையையும் அடைக்க வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பிளக் ஒன்றின் உள்பாகத்தை உடைத்தெடுத்து, அந்த ஓட்டில் குழாயைச் செருகி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக் காற்றடித்தேன். மீட்டர் 300-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. இதற்குமேல் அடிக்காதீர்கள், நல்ல சீலும் போய்விடும். நல்ல எஞ்சின் என்றால் சில நிமிடமாவது முள் அசையாமல் நிற்க வேண்டும். என்னுடையது கண்ணெதிரே இறங்கியது. மேக்னெட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவியதும் இடதுபக்கக் கிராங்க் சீலின் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் தடுக்கும் வளையம்) உதட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. இத்தனை பிஸ்டனையும் தின்றது அந்த ரப்பர் வளையம்தான்.

வலதுபக்க சீல் போனால் கதை வேறு. அங்கே கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைப் புகை வரும், வெளியே ஒழுகாமலே ஆயில் குறையும். அதனால் எல்லாரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். இடதுபக்கம் சத்தமில்லாமல் பிஸ்டனைக் கொல்லும். போர், பிஸ்டன் என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் ஆர்எக்ஸின் ஆயுள் கிராங்க் சீலில் இருக்கிறது.

சீலை மட்டும் வெளியிலிருந்து மாற்றலாம் என்பவர்கள் உண்டு. கனெக்டிங் ராடிலும் ஆட்டம் இருந்ததால் நான் கேஸையே பிரித்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ஜப்பான் வண்டியின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் நம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அவை ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவு. பல ஸ்க்ரூக்களின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். பிலிப்ஸ் வைத்து அழுத்தினால் வழுக்கி மேலேறித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் முனை வாங்கி, சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் போட்டால், வருஷக்கணக்காக இறுகிக் கிடந்ததுகூட ஒரே அடியில் இளகுகிறது. மேக்னெட்டுக்கும் கேஸுக்கும் புல்லர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கேஸ் இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் பள்ளம் விழும், அங்கேயும் காற்று இழுக்கும்.

கிராங்க் நம் கையில் ஆகிற காரியம் இல்லை. பிரஸ்ஸில் வைத்துக் கிராங்க் பின்னைத் தள்ளி, புது ராடு போட்டு, திரும்ப நேராக்க வேண்டும். எனக்கு அமைந்தவர் பழைய லேத்காரர், அறுபதைத் தாண்டியவர். இரண்டு சென்டருக்கு நடுவே கிராங்க்கை நிறுத்தி, டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு, ஒரு சுற்று, மறுபடி ஒரு தட்டு. முள்ளின் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் வரும்வரை டீயைத் தொடவில்லை.

பிளாக்கையும் அவரிடமே கொடுத்தேன். "ஐயா, 1.00 போர் போடணும்" என்றேன்.

"நம்பரைச் சொல்லாதே. பிஸ்டனைக் குடுத்துட்டுப் போ."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெட்டியில் 1.00 என்று போட்டிருக்கும், உள்ளே இருக்கும் பிஸ்டன் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தவிர பிஸ்டன் உருண்டையும் இல்லை, நேரும் இல்லை. மேலே ஒல்லி, கீழே பருமன். பிஸ்டன் பின்னுக்குக் (ராடோடு இணைக்கும் தண்டு) குறுக்கே ஓர் அளவு, அந்தப் பின்னின் வாக்கில் இன்னோர் அளவு. அவர் பின்னுக்குக் குறுக்குவாக்கில், பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ச்சுவரின் அடிப்பக்கம் மைக்ரோமீட்டர் வைத்து எடுத்த அளவை எழுதிக்கொண்டார். போர் போட்டதும் பிளாக் சூடாக இருக்கும். ஆறும்வரை அளக்கமாட்டேன் என்று ஓரமாக வைத்துவிட்டார். மறுநாள் ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சுவரைச் சீராக்குவது) முடித்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.03-லிருந்து 0.04 மி.மீ.க்குள் விட்டிருந்தார். போர்ட்களின் (சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்கள்) ஓரக் கூர்மையையும் மழுக்கியிருந்தார். அதைச் செய்யாத பிளாக்கில் ரிங் மாட்டி உடையும்.

கட்டுவது பிரிப்பதைவிடச் சுலபம். பேரிங்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃபிரீசரில் வைத்தேன் (அம்மா திட்டியதை எழுதவில்லை). கேஸை அடுப்பில் சூடாக்கி, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் பதத்தில் பேரிங்கை வைத்தால் சுத்தியல் இல்லாமலே உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பிஸ்டன் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனையும் பள்ளத்திலுள்ள சின்ன ஆணியை அணைத்து நிற்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பூட்டும் சர்க்ளிப் போடும்போது கேஸ் வாயில் துணியை அடைத்துவிடுங்கள். கடைசியாக மறுபடி பிபி மெஷின். முள் நின்றது.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. யானை விலைக்கு விற்கிற "ஜப்பான் ஒரிஜினல்" சீல்களைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

ஆர்டி350, சென்னை

பிபி மெஷின் யோசனை அருமை. என் யமஹா ஆர்டி350-இல் இன்னும் ஒரு படி கூடுதல் தலைவலி இருக்கிறது. இரண்டு சிலிண்டர், ஆனால் இரண்டுக்கும் தனித்தனிக் கிராங்க் அறை; நடுவில் இருப்பது லேபிரிந்த் சீல், அதாவது வரிவரியான பள்ளங்களால் காற்றைத் தடுக்கும் உலோக வளையம். அது ரப்பர் உதடு வைத்த சீல் இல்லை, கிராங்க்கைப் பிரிக்காமல் மாற்றவும் முடியாது. அதனால் நான் எஞ்சினை வீட்டில் இறக்கினேன், கிராங்க்கை மட்டும் ஆர்டியே வேலையாக வைத்திருப்பவரிடம் அனுப்பினேன். நாலு தட்டும் ஒரே கோட்டில் வராவிட்டால் வண்டி கையையும் காலையும் மரத்துப்போகச் செய்துவிடும்.

இங்கே 1983-இல் ராஜ்தூத் பெயரில் வந்ததில் ஹெச்டி (ஹை டார்க்), எல்டி (லோ டார்க்) என்று இரண்டு வகை, தெரிந்திருக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பிளாக் தேடுபவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போர்ட் வேறு. ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று மாட்டிய எஞ்சினை நானே பார்த்திருக்கிறேன். வைத்திருந்தவர் வருஷக்கணக்காகக் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

சீல் விஷயம்: பாக்கெட்டைப் பார்க்காதீர்கள், அது அச்சகத்தில் கிடைக்கும். சீலைக் கையில் எடுத்து, உதட்டை நகத்தால் லேசாக வளைத்து விடுங்கள். உடனே திரும்ப வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வளையம் சீராக உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய ஸ்டாக் ஒரிஜினலாகவே இருந்தாலும் முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த ரப்பர் விறைத்துப் போயிருக்கும். அதற்கு, அளவு பார்த்து இன்று தயாராகும் நல்ல சீல் வாங்குவதே மேல்.

எம்டி90, யாழ்ப்பாணம்

நீங்கள் எல்லாரும் டூ-ஸ்ட்ரோக் ஆட்கள். எங்கட பக்கம் ஹொண்டா எம்டி90. ஜப்பானில் தபால்காரர்கள் ஓடின சிவப்பு மோட்டார் சைக்கிள், கை கிளச் இல்லை, மூன்று கியர். அப்பாவின் சைக்கிளை இப்பதான் முதல்தரம் முழுதாகக் கழற்றினேன்.

இந்த எஞ்சின்கள் பட்ட பாட்டை வெளியில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1990களில் போரால் பொருளாதாரத் தடை இருந்த காலம் பெற்றோல் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க இயலாது. மண்ணெண்ணெயில்தான் ஓடினது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும், எஞ்சின் தேயும். ஒயில் மாற்றவும் வழி இருக்காது.

கிளச் மூடியைத் திறந்தால் உள்ளே கிண்ணம் போல ஒரு சுழலி இருக்கிறது. இந்த எஞ்சினில் கடதாசி ஃபில்டர் கிடையாது, சுழலும் வேகத்தில் அழுக்கு அந்தக் கிண்ணச் சுவரில் போய் ஒட்டும். எங்கட எஞ்சினில் அது கரும்பசையாக இறுகிக் கிடந்தது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டித்தான் எடுத்தேன். அப்பா பக்கத்தில் கதிரை போட்டிருந்தவர், விரலில் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, "உதெல்லாம் மண்ணெண்ணெய்க் காலத்துக் கரியடா" என்றார். அது உண்மையா தெரியாது, ஆனால் அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்தக் காலக் கதைதான்.

சுன்னாகத்தில் சிலிண்டரைப் போர் பண்ணுவித்தேன். நான்கு ஸ்ட்ரோக் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது செயின் டைமிங். மேக்னெட்டில் உள்ள 'டி' குறி கேஸ் குறியோடு நேராக நிற்கும்போது, கேம் சக்கரத்தில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பல் மாறினாலும் இழுவை போய்விடும். வால்வு இடைவெளி 0.05 மி.மீ., குளிர்ந்த எஞ்சினில். சத்தம் வராமல் இருக்க அதை இறுக்கிவிடும் கராஜ்காரர் உண்டு. அப்படிச் செய்தால் வால்வு சரியாக மூடாமல் கருகும். லேசான டிக் டிக் சத்தம் இருக்கட்டும்.

ஆர்எக்ஸ்100, ஈரோடு

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு என் ஆர்எக்ஸ் ரொம்பச் சொகுசாக வாழ்ந்திருக்கிறது என்று தெரிகிறது. அப்பாவிடம் கேட்டு இன்னும் எழுதுங்கள்.

ரன்-இன் (புதுசாகக் கட்டிய எஞ்சினைப் பழக்கி ஓட்டுவது) எப்படிச் செய்தேன் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஆயில் பம்பைக் கழற்றியிருந்தால் குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றுங்கள். பம்ப் வேலை செய்கிறது என்று நம்பினாலும் முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயிலைக் கலந்துவிடுங்கள். புகை கூடுதலாக வரும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டால் நல்லது. முதலில் சூடாக்கி முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளின் இறுக்க அளவை (டார்க்) மறுபடி பார்த்தேன். அப்புறம் ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி உருட்டாதீர்கள், ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால் பம்பும் குறைவாகத்தான் ஆயில் கொடுக்கும். சத்தியமங்கலம் பக்கம் போகிறவர்கள் திம்பம் மலையில் இறங்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.