ஆறு குதிரை, ஐந்து ஏக்கர்: எந்தச் சின்ன டிராக்டர் எடுப்பது?

லாயக்காரன்:
வணக்கம். உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் ஐந்து ஏக்கர் இருக்கிறது. மூன்று ஏக்கர் தென்னை. மீதியில் லாயம், மேய்ச்சலுக்கு இரண்டு அடைப்பு, 20க்கு 40 மீட்டரில் குதிரையேறிப் பழக ஒரு மணல் களம். குதிரை ஆறு. நான்கு மார்வாரி, ஒரு கத்தியவாரி, குழந்தைகள் ஏறிப் பழக ஒரு மட்டக்குதிரை. இரண்டை அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்தேன்.

இதுவரை தள்ளுவண்டியும் வாடகை டிராக்டருமாக ஓட்டிவிட்டேன். போன ஐப்பசி மழைக்கு நடுவில் அடைப்பைச் சமன் செய்ய ஒரு 50 எச்.பி. வண்டியைக் கூப்பிட்டது என் தப்பு. ஈரக் கரிசலில் அரையடிக்குத் தடம் விழுந்து அப்படியே காய்ந்துவிட்டது. ஒரு பெட்டைக் குதிரை அதில் கால் வைத்துப் பிசகி மூன்று வாரம் நொண்டியது. அன்றைக்கு முடிவு செய்தேன், சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று.

வேலை இவ்வளவுதான்: தினம் லத்தி அள்ளிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவது, மணல் களத்தை இழுத்துச் சமன் செய்வது, புல் கட்டு ஏற்றி வருவது, அடைப்பில் முற்றிய புல்லை அடிப்பது, எப்போதாவது மணல் நகர்த்துவது. உழவு கிடையாது. கருவிகளோடு சேர்த்து ஏழு லட்சம் வரை போடலாம். 15 எச்.பி. போதுமா? நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் ஃபோர் வீல் அவசியமா, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் போதுமா? முன்னால் லோடர் (அள்ளித் தூக்கும் வாளி) மாட்டலாமா? ஷோரூமில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

நாற்பத்தஞ்சு_எச்பி:
தம்பி, சின்ன டிராக்டர் எல்லாம் பொம்மை. அதே காசில் பாதிக்கு நல்ல 45 எச்.பி. பழைய வண்டி கிடைக்கும். உங்கள் வேலை போக மீதி நேரம் அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு விட்டால் டீசலும் டிரைவர் கூலியும் வந்துவிடும். விற்கும்போதும் விலை போகும். குதிரைக்கு என்று தனியாக டிராக்டர் இருக்கிறதா என்ன?

சேணமும்_சாட்டையும்:
அண்ணா சொல்வது தோட்டக்காரருக்குச் சரி. லாயத்துக்குச் சரியாக வராது. நான் பதினான்கு வருடமாகக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன், முதலில் வாங்கியது அப்படிப்பட்ட பெரிய வண்டிதான். லாயத்துக்குள் நுழையவே நுழையாது. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து டிரெய்லரில் ஏற்றினோம். டிராக்டர் வாங்கியும் முதுகு வலி குறையவில்லை. இரண்டு வருடத்தில் விற்றுத் தள்ளிவிட்டேன்.

தம்பி, எச்.பி.யை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு டேப்பை எடுத்துப் போய் நான்கு அளவு எடுங்கள். லாயத்து நடைபாதை அகலம், வாசல் அகலம், கூரையில் தாழ்வாக இருக்கும் உத்தரத்தின் உயரம், அடைப்புப் படலின் அகலம். அதைச் சொல்லுங்கள், பாதிக் கேள்வி தானே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. ஒரு பெரிய குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோ லத்தி போடும். கீழே என்ன விரிக்கிறீர்கள்? உமியா, நார்க்கழிவா? அதில் நனைந்ததும் சேர்த்து அள்ளினால் ஆறு குதிரைக்குத் தினம் 200 கிலோவை நெருங்கும். வாரத்துக்கு ஒரு டன்னுக்கு மேல். நீங்கள் வாங்கப்போவது உண்மையில் லத்தி வண்டிதான், மற்றதெல்லாம் உபரி வேலை.

லாயக்காரன்:
அக்கா, டேப் எடுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நடைபாதை ஏழரை அடி. லாய வாசல் 5 அடி 8 அங்குலம். உத்தரம் தரையிலிருந்து 6 அடி 10 அங்குலம், நான் நிமிர்ந்து நின்றால் கை எட்டிவிடும். அடைப்புப் படல் பத்து அடி, அது பிரச்சினை இல்லை. விரிப்பு நார்க்கழிவு, பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் சல்லிசாகக் கிடைக்கிறது.

பழைய 45 எச்.பி. ஒன்றை நேரில் போய் அளந்தேன். பின் டயரோடு சேர்த்து ஐந்தே முக்கால் அடி. ஒரு அங்குலம் கூடுதல்!

நாற்பத்தஞ்சு_எச்பி:
வாசலை இடித்துக் கட்டுங்க தம்பி, டிராக்டரைவிடச் செங்கல் மலிவு. (சும்மா சொன்னேன். அளவைப் பார்த்தால் நான் சொன்னது ஆகாதுதான்.)

பட்டறைக்காரர்:
நான் வண்டி வேலை பார்ப்பவன். குதிரையைப் பற்றித் தெரியாது, இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

15 எச்.பி. என்றால் ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 மாதிரி. இரண்டும் ஒற்றை சிலிண்டர், டூ வீல். தென்னந்தோப்பில் களை ஓட்ட அருமையான வண்டிகள். உங்களுக்கு எங்கே உதைக்கும் என்றால், ஒரு டன் ஏற்றிய டிரெய்லரோடு ஈரக் கரிசலில் பின் சக்கரம் சும்மா சுற்றும். அதோடு ஒற்றை சிலிண்டர் 'டக் டக்' என்று அடிக்கும் அடி இருக்கிறதே, குதிரைக்கு அது பிடிக்குமா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

அதற்கு மேலே 24 முதல் 28 எச்.பி. வரை ஃபோர் வீலில் நாலைந்து வண்டி இருக்கிறது. மஹிந்திரா ஜிவோ 245 இரண்டு சிலிண்டர், 24 எச்.பி. குபோட்டா நியோஸ்டார் பி2441 மூன்று சிலிண்டர், அதே 24 எச்.பி. இரண்டும் பின் லிப்டில், அதாவது பின்னால் கருவி மாட்டித் தூக்கும் கைகளில், 750 கிலோ தூக்கும். ஜான் டியர் 3028 இஎன் 28 எச்.பி., 910 கிலோ தூக்கும், விலை அதிகம். அதை எடுத்தால் கருவிக்குக் காசு மிஞ்சாது. இந்த ரகமெல்லாம் ஏறக்குறைய மூன்றரை, நாலு அடி அகலம்தான். உங்கள் வாசலில் தாராளமாக நுழையும்.

ஃபோர் வீல் எடுங்கள். சேற்றில் இழுக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்: ஃபோர் வீல் வண்டியின் முன் அச்சுக்குள் கியரும் தண்டும் ஓட வேண்டும் என்பதால் அதை வார்ப்பிலேயே தடிமனாகச் செய்திருப்பார்கள். டூ வீலின் முன் அச்சு, வண்டி மூக்கைத் தாங்க மட்டும் போட்ட குழாய். முன்னால் எதையாவது தொங்கவிடும் எண்ணம் இருந்தால் அது வளையும்.

இப்போது லோடர். இந்த அளவு வண்டிக்கு இங்கே பெரும்பாலும் வெளிப் பட்டறையில் அடித்துத்தான் மாட்டுகிறார்கள். நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்கப் போனால் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். லோடரைத் தாங்கும் சட்டம் முன் பம்பரோடும் கிளட்ச் ஹவுசிங்கோடும் (எஞ்சினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் வார்ப்புக் கூடு) நின்றுவிட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அது பின் அச்சு வரை நீண்டு போய் அங்கே போல்ட் ஆகியிருக்க வேண்டும். போன வருடம் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது, ஹவுசிங் இரண்டாகப் பிளந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டு. லோடருக்குக் கொடுத்ததைவிட அதைச் சரிசெய்ய ஆன செலவு அதிகம். கம்பெனி வாரண்டியும் கைவிரித்துவிட்டது.

சேணமும்_சாட்டையும்:
சத்தம் பற்றி: குதிரை எதற்கும் பழகும். திடீரென்று வருவதற்குத்தான் மிரளும். புது வண்டி வந்ததும் ஒரு வாரம் அணைத்து நிறுத்திவிட்டு அதன்மேல் வைத்துத் தீனி கொடுங்கள். அப்புறம் தூரத்தில் ஓடவிட்டு, அப்புறம் பக்கத்தில். என்னிடம் இருக்கும் கிழட்டுக் குதிரை ஒன்று டிராக்டர் சத்தம் கேட்டால் கதவை உதைக்கும், மிரண்டு அல்ல, கொள்ளு வருகிறது என்று.

லாயத்துக்குள் ரிவர்ஸில் போங்கள், எஞ்சினை அணைத்துவிட்டு அள்ளுங்கள். ஓடவிட்டுக்கொண்டே அள்ளினால் டீசல் புகை தாழ்ந்த கூரையில் தேங்கும். குதிரையின் நுரையீரல் தூசுக்கும் புகைக்கும் லேசில் கெட்டுப்போகும், இருமல் பிடித்தால் மாதக்கணக்கு. இதனாலேயே புகைக்குழாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியைவிடப் பக்கவாட்டிலோ கீழேயோ வெளிவிடும் வண்டியைப் பாருங்கள். உங்கள் 6 அடி 10 அங்குல உத்தரத்துக்கும் அது நல்லது. கவிழ்ந்தால் காப்பாற்றும் வளைவுக் கம்பி மடக்கும்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள். உள்ளே போகும்போது மட்டும் மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும்.

லாயக்காரன்:
பட்டறைக்கார அண்ணா சொன்னதைப் படித்ததும் லோடர் ஆசை பாதி போய்விட்டது. அப்படியானால் தினம் எதில் அள்ளுவது?

பட்டறைக்காரர்:
பின் லிப்டில் மாட்டும் சட்டி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். நான்கடி அகலம், இரண்டடி ஆழம், பின்பக்கம் திறந்த பெட்டி. தரையோடு இறக்கி வைத்தால் ஆள் நின்றபடி முள்கரண்டியால் உள்ளே தள்ளலாம், லிவரைத் தூக்கினால் எழும்பிவிடும். குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொக்கியை விடுவித்தால் கவிழும். இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துவிடுவார்கள். 750 கிலோ என்பது கொக்கி முனையில். எடை பின்னால் தள்ளி உட்காரும்போது அவ்வளவு தூக்காது. உங்கள் ஒரு நாள் லத்திக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பின்னால் பாரம் தொங்கும்போது முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் எடைக்கட்டி மாட்டுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மணல் நகர்த்த ஒரு மணி நேரம் ஜே.சி.பி.யைக் கூப்பிட்டால் போயிற்று.

கரிசல்காட்டான்:
தாமதமாக வருகிறேன். யாரும் தொடாத ஒன்று: அள்ளிய லத்தியை என்ன செய்கிறீர்கள்? டிராக்டர் வந்த ஜோரில் பலர் அதை அப்படியே மேய்ச்சல் அடைப்பில் இறைத்து விடுகிறார்கள், உரம் ஆகட்டும் என்று. குடற்புழு முட்டை லத்தியில்தான் வெளியே வருகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் குஞ்சு பொரித்துப் புல் நுனி ஏறிவிடும். குதிரை இயல்பாகவே லத்தி போட்ட இடத்தில் மேயாது, ஒதுக்கி வைக்கும். நாம்தான் அதை எல்லா இடத்துக்கும் இழுத்துப் பரப்பிக் கொடுக்கிறோம்.

மேட்டில் குவித்து, ஈரம் காக்க மூடி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் முட்டையும் களை விதையும் செத்துவிடும். மக்கியதைத் தென்னைக்குப் போடுங்கள், அடைப்புக்கு வேண்டாம். அடைப்பை இழுத்துவிட ஆசையென்றால் சித்திரை, வைகாசி வெயிலில் குதிரையை வேறு பக்கம் மாற்றிவிட்டு இழுங்கள். காய்ந்தே செத்துப்போகும். மழையில் இழுத்தால் புழுவை விதைத்த மாதிரி.

கலப்பை, பிளேடு எதையும் அடைப்புக்குள் நிறுத்தாதீர்கள். குதிரைக்கு டெட்டனஸ் மாட்டைவிட லேசில் பிடிக்கும், துருப்பிடித்த கொழு முனையில் ஒரு கீறல் போதும். ஊசி தவறாமல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

காசு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்று உழவன் செயலியில் பாருங்கள், நிலம் உங்கள் பெயரில் இருந்தால். வாங்கும் முன்பே பதிய வேண்டும், வாங்கிவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது.

லாயக்காரன்:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

24 எச்.பி. ஃபோர் வீல், மூன்று சிலிண்டர் எடுத்தேன். இரண்டு சிலிண்டர் வண்டி இன்னும் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஆனால் மூன்று சிலிண்டர் வண்டியின் சர்வீஸ் ஆள் இருப்பது பதினோரு கிலோமீட்டரில், மற்றது கோயம்புத்தூர் போக வேண்டும். அதுவே முடிவு செய்தது. மானியத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, விட்டுவிட்டேன். பட்டறைக்கார அண்ணா சொன்ன மாதிரி பின் சட்டி, ஒரு சின்ன டிரெய்லர், மணல் களத்துக்கு ஒரு இழுவை. அது கடையில் வாங்கியதல்ல. பழைய டயர் மூன்றை அறுத்துச் சங்கிலியில் கோத்து, முன்னால் ஒரு ஆங்கிள் இரும்பு. இரண்டு அங்குலத்துக்குக் கீழே அந்த இரும்பு இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் கெட்டித் தளம் பெயர்ந்து மேலே வருகிறது.

முன்பு இரண்டு ஆள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்த லத்தி வேலை, இப்போது ஒருவர் ஐம்பது நிமிடத்தில் முடிக்கிறார். மட்டக்குதிரை மட்டும் இன்னும் வண்டியைக் கண்டால் மூக்கை விடைத்துக்கொண்டு நிற்கிறது. மற்ற ஐந்தும் மதிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம் பாக்கி: மழை தொடங்கப்போகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள், பிடிப்பு வரும் என்று. நிரப்பலாமா?

பட்டறைக்காரர்:
நிரப்பாதீர்கள். உழுபவருக்கு அது சரி. உங்களுக்கு அடைப்பில் தடம் விழக்கூடாது என்பதுதானே ஆரம்பமே. மழைக்காலத்தில் டயர் காற்றைக் கையேட்டில் போட்டிருக்கும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், தடம் அகன்று மண்ணை அமுக்காது. டிரெய்லரோடு தார் ரோட்டில் போகும் நாளில் மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி ஐம்பது மணி நேரம் ஓடியதும் செய்ய வேண்டிய சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். மீட்டரில் இப்போது எவ்வளவு?

லாயக்காரன்:
46, அண்ணா. நாளைக்கே கூப்பிடுகிறேன்.