தாய்மீன் தீவனத்தில் மீன்தூளுக்குப் பதில் சோயா: கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்க

கொளத்தூர், ஏஞ்சல் மீன்
மீன்தூளை முழுசா எடுத்துட்டு ஆறு வாரம் சோயா புண்ணாக்கு. புரதக் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான், முட்டையும் குறையல. ஆனா மறுநாள் காலையில, முட்டை ஒட்டியிருக்கிற ஓட்டுத் துண்டைத் தூக்கிப் பார்த்தா முக்கால்வாசி முட்டை பால்வெள்ளை, அதாவது கருவுறாம வீணானது. தேன் நிறத்துல தெளிவா நின்னது நடுவுல ரெண்டு விரல் அகலம்தான். சோயாவுல மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் கம்மி, மீன்தூள்ல இருக்கிற டாரின் சத்து இல்லவே இல்ல, டிஹெச்ஏங்கிற ஒமேகா-3 கொழுப்பும் இல்ல. தாய் தின்னாததை முட்டை எங்கேருந்து எடுக்கும்?

ரெட்டேரி
அண்ணா, தண்ணி விவரமே சொல்லலியே. நம்ம பக்கம் போர் தண்ணி கடினம். அதுல ஏஞ்சல் முட்டை சரியாக் கருவுறாது, தீவனம் எதுவானாலும். முட்டையை எடுத்துட்டா ஜோடி பத்துப் பதினஞ்சு நாள்ல மறுபடி போடும். அதே தீவனம், பாதி ஆர்ஓ தண்ணி வச்சு எண்ணிப் பாருங்க, அப்புறம் சோயாவைக் குறை சொல்லலாம்.
சரியா வேகாத சோயா மூட்டைதான் நிஜமான ஆபத்து. என் மூட்டையைச் சோதிச்சேன்: ரெண்டு கரண்டி சோயா மாவு, ஒரு சிட்டிகை யூரியா, வெதுவெதுப்பான தண்ணி. பாட்டில்ல மூடி 20 நிமிஷம். திறந்ததும் அம்மோனியா மூக்கைக் குத்துச்சு. செரிமான நொதியைத் தடுக்கிற டிரிப்சின் தடுப்பான் வேகாம அப்படியே இருக்குன்னு அர்த்தம், புரதம் செரிக்காம வெளியே போயிடும்.

மாதவரம், தங்கமீன்
சோயாவுல பூட்டிக் கிடக்கிற பாஸ்பரஸைப் பிரிக்கிற நொதி ஃபைட்டேஸ். அதைப் போட்டும் நாலே நாள்ல தொட்டி பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. செரிக்காத பாஸ்பரஸ் பூராவும் தண்ணியில. கலந்த கையோட வேகவச்சதுதான் தப்பு, சூட்டுல அந்த நொதி செத்துடும். ஆறின பிறகு தெளிச்சாலும் தங்கமீனுக்குப் பலன் குறைவு: அதுக்கு இரைப்பையே கிடையாது, அந்த நொதிக்கு வேணுங்கிற அமிலமும் இல்ல. சோயா மாவை எலுமிச்சைச் சாறும் ஃபைட்டேஸும் விட்டுப் பிசைஞ்சு நாலஞ்சு மணி நேரம் வச்சுட்டு, அப்புறம் வேகவைக்கணும்.

கேளம்பாக்கம்
கொடுவா சோயா உருண்டையைக் கவ்வும், ஒரு நொடி, துப்பிடும். மறுபடி கவ்வும், துப்பும். நூத்துக்கு அஞ்சு பங்கு கணவாய்த் தூள் சேர்த்தா விழுங்குது.

வில்லிவாக்கம்
ஐப்பசி மழையில கடலைப் புண்ணாக்கு மூட்டையைப் பிரிச்சா நடுவுல பச்சைப் பூசணம். வேகவச்சாலும் அஃப்ளடாக்சின்ங்கிற பூசண நச்சு போகாது, தூக்கிப் போடத்தான் வேணும். மலிவுன்னு பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கும் போகாதீங்க, அதுல இருக்கிற காசிபால்ங்கிற நச்சு இனப்பெருக்கத்தையே கெடுக்கும்.
யாரும் கேக்கல, இருந்தாலும் தங்கமீன் தாய்களுக்கு ஒரு கிலோ கணக்கு: சோயா 400 கிராம், மீன்தூள் 200, எள்ளுப் புண்ணாக்கு 150, தவிடு 170, மைதா 50, மீனெண்ணெய் 20, வைட்டமின்-தாதுக் கலவை 10. புரதம் சுமார் 38 சதவீதம் வரும். எள்ளு வீணில்ல; சோயாவுல குறையிற மெத்தியோனின் அதுல இருக்கு, எள்ளுல குறையிற லைசின்ங்கிற அமினோ அமிலம் சோயாவுல இருக்கு. மாவை மட்டும் 20 நிமிஷம் ஆவியில வேகவைங்க. எண்ணெயும் வைட்டமினும் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறின பிறகுதான், இல்லன்னா வைட்டமின் சி போயிடும். இடியாப்ப அச்சுல பிழிஞ்சு நிழல்ல காயவைங்க. மழை நாள்னா ஒரு வாரத்துக்கு மட்டும் பிழிஞ்சு ஃப்ரீசர்ல வச்சிடுங்க.