முதல் டிராப்ஷிப்பிங் கடைக்கு நிஷ் எப்படிப் பிடித்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிஷ் என்றால் கடையில் விற்க நாம் தேர்ந்தெடுக்கிற ஒரு குறிப்பிட்ட பொருள் வகை. புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் "எது நல்லா விற்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் கண்ணிலேயே படாமல் நேராக வாடிக்கையாளர் கைக்குப் போனாலும் தொல்லை தராத பொருள் எது? டிராப்ஷிப்பிங்கில் ஆர்டரை நாம் எடுக்கிறோம், பொருளைச் சப்ளையரே நேராக அனுப்பிவிடுகிறார், சரக்கு நம்மிடம் வருவதே இல்லை. தையல் பிரிந்திருந்தாலும் டப்பா நசுங்கியிருந்தாலும் வாடிக்கையாளர் கோபமாக எழுதும்போதுதான் நமக்குத் தெரிய வரும். அதனால் நிஷ் தேடும்போது நான் முதலில் பார்த்தது ரிட்டர்ன் வருமா என்பதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருளுக்கும் அனுப்பும் செலவுக்கும் 40, விளம்பரத்துக்கு 35, பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம் 3. மிச்சம் 22. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் செலவழித்த அந்த 78-ம் போய்விடும், விளம்பரக் காசு திரும்பி வராது. அதாவது ஒரு ரீஃபண்ட், மூன்றரை ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

நான் எடுத்தது கைக்கடிகாரப் பட்டை. கவரில் போட்டு அனுப்பிவிடலாம், எடை கிடையாது, கீழே விழுந்தாலும் உடையாது. ஷூவில் ஒரு தொழிற்சாலையின் 42 இன்னொரு தொழிற்சாலையில் 41 போல இருக்கும். பட்டையில் அந்தத் தகராறு குறைவு. பட்டை மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அளவு. 18, 20, 22 மில்லிமீட்டர் பட்டைகள்தான் அதிகம் போகும். ஒரே கடிகாரத்துக்கு நாலு நிறத்தில் பட்டை வாங்குகிறவர்கள் உண்டு, அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

அதிலும் ஒருவர் எழுதினார்: "18 என்று அளந்துதான் வாங்கினேன், பட்டை லொடலொடவென்று ஆடுகிறது." அளந்த விதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைக் காதில் ஒட்டி வைத்திருந்தார். பல ஸ்கேல்களில் பூஜ்யக் கோடு ஓரத்திலேயே இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். அந்த 2 மில்லிமீட்டர்தான் விஷயம், அவருக்கு வேண்டியது 20. அன்றைக்கே விற்பனைப் பக்கத்தில் படத்தை மாற்றினேன்: பழைய பட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்கேலின் 1 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளக்கிற மாதிரி. அளவு சம்பந்தமான புகார் அதோடு வெகுவாகக் குறைந்தது. ஒரு படத்தில் தீர்கிற பிரச்சினை உள்ள நிஷ், முதல் கடைக்கு நல்ல நிஷ் என்பேன்.

தோல் பட்டையை மட்டும் ஆரம்பத்தில் தள்ளியே வைத்தேன். மாதிரிக்கு வரவழைத்துப் பார்த்தபோது படத்தில் இருந்த பழுப்பு வேறு, கையில் இருந்த பழுப்பு வேறு. சிலிகானும் நைலானும் அப்படி ஏமாற்றவில்லை. எந்த நிஷ் எடுத்தாலும் மாதிரியை வாங்கி ஒருமுறை கையில் வைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

*

மேலே சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். என்னுடையது மீன்தொட்டிச் செடி வளர்ப்பு. தகாஷி அமானோ என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் உலகம் முழுக்கப் பரப்பிய பாணி அது, தொட்டிக்குள்ளேயே ஒரு குட்டிக் காட்டை உருவாக்குவார்கள். அந்த ஆர்வலர்கள் விசாரித்துத்தான் வாங்குவார்கள், ஆனால் பிடித்துவிட்டால் நம்மை விடமாட்டார்கள்.

இந்த நிஷ்ஷுக்குள்ளேயும் எதை விற்பது, எதை விடுவது என்று பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடித் தொட்டி வழியில் உடையும். ஹீட்டரும் விளக்கும் என்றால் நாட்டுக்கு நாடு பிளக் மாறும், மின்னழுத்தமும் சில இடத்தில் 120 வோல்ட், சில இடத்தில் 230. லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தால் விமானத்தில் அனுப்பத் தனி விதிகள் உண்டு, யுஎன் 38.3 என்ற, லித்தியம் பேட்டரிகளுக்கான ஐ.நா. பாதுகாப்புச் சோதனை முடித்த பேட்டரியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு நீளமான இடுக்கி, வளைந்த கத்தரி என்று செடி நடுகிற, வெட்டுகிற கருவிகளை மட்டும் எடுத்தேன்.

அவற்றின் குறை என்ன என்று தெரிந்துகொள்ள, ஏற்கெனவே விற்கிறவர்களின் பக்கங்களில் இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படித்தேன். ஐந்து நட்சத்திரத்தில் "சூப்பர்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. இங்கே மறுபடி மறுபடி வந்த குறை ஒன்றுதான்: இடுக்கி நுனியில் துரு. உடனே சப்ளையர்களிடம் "எந்த ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்?" என்று கேட்டு எழுதினேன். பலரும் "தரமான பொருள், நம்பி வாங்கலாம்" என்றார்கள். ஒருவர் மட்டும் 304 என்று எண்ணைச் சொல்லி, நுனியைக் கிட்டத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினார். மாதிரியை வாங்கித் தண்ணீரிலேயே போட்டு வைத்தேன், துரு வரவில்லை. அவரிடம்தான் இன்றைக்கும் எடுக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் என் பக்கத்தில் துரு பற்றி வெளிப்படையாக எழுத முடிகிறது. அதுதான் விற்கவும் செய்கிறது.

*

டிரெண்டைப் பிடித்து ஓடலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2017-இல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற, விரலில் வைத்துச் சுற்றுகிற பொம்மை வந்ததை, எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் ஐந்து வருடத்துக்கும் மேலான காலத்தை வைத்துப் பாருங்கள். செங்குத்தாக ஏறி, சில மாதங்களிலேயே அதே வேகத்தில் இறங்கியிருக்கும். பார்சல் போய்ச் சேரவே வாரக்கணக்காகும் தொழிலில், சரக்கு கைக்கு வரும்போது ஆசை போயிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண் தேடியவர்களின் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் எடுத்த காலத்தில் எது உச்சமோ அதை 100 என்று வைத்துக் காட்டுகிறது. சின்ன நிஷ்கூட 100 காட்டும். நான் பார்ப்பது கோட்டின் வடிவத்தை மட்டும்: வருடா வருடம் ஒரே சீசனில் ஏறி இறங்குகிறதா, அல்லது மட்டமாகவே போகிறதா. மட்டமான கோடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் ஒரு விளம்பரம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று காட்டும். பல மாதமாக ஒரே விளம்பரத்துக்கு ஒருவர் காசு கட்டிக்கொண்டிருந்தால் அங்கே வியாபாரம் இருக்க வாய்ப்பு அதிகம்.

*

வெளிநாட்டுக்கு விற்கிறவர்கள் வரியையும் நிஷ் எடுக்கும்போதே கணக்கில் சேருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான இறக்குமதிப் பார்சலுக்கு இருந்த வாட் வரி விலக்கு 2021 ஜூலை 1-ஆம் தேதியோடு போய்விட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரைக்கும் சுங்கவரி இல்லாமல் உள்ளே விட்ட சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள். மலிவான பொருளை ஒவ்வொன்றாக அனுப்பி மெல்லிய லாபம் பார்க்கிற நிஷ்களுக்கு இது நேரடி அடி.

எனக்கு ஒரு வாடிக்கையாளர் பார்சலை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியது இதனால்தான். வாசலில் கூரியர்க்காரர் வரி கேட்டிருக்கிறார், அப்படி ஒன்று வரும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. இப்போது வரியையும் விலையிலேயே சேர்த்து, "வாசலில் எதுவும் கட்ட வேண்டாம்" என்று பணம் கட்டும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த விலையிலும் வாங்க ஆள் இருக்கிற பொருளை மட்டும் கடையில் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன்.