கிரியோல் என்றால் யார் மாமா?

குழு: நம்ம குடும்பம் (புதுச்சேரி – ரீயூனியன்)

அண்ணன்: மாமா, கிரியோல் என்றால் கலப்பினத்தவர்தானே?

பெரிய மாமா: இல்லை. ஏன் திடீரென்று?

அண்ணன்: இங்கே ரீயூனியன் தீவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மா பார்க்க அசல் நம் ஊர்க்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறார். பேச்சுவாக்கில் "நான் கிரியோல்" என்றார். நானும் சும்மா இராமல் "உங்கள் பாட்டி ஆப்பிரிக்காவா?" என்று கேட்டுவிட்டேன்.

சித்தி: அடப்பாவி! தலைநகர் சேன் தெனிக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அண்ணன்: சிரித்தார் சித்தி. ஆனால் அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது.

சித்தி: அவர் மல்பார். 1848-இல் இந்தப் பிரெஞ்சுத் தீவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகத் தமிழ் ஜனங்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்களுடைய வழி. கிரியோலும் அவர்தான்.

நான்: ரெண்டும் எப்படி ஒரே ஆள்?

சித்தி: மல்பார், காஃப், யாப், சீனர் எல்லாருமே இந்தத் தீவில் கிரியோல்தான். காஃப் என்பவர்கள் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். யாப் என்பவர்கள் மலைப்பக்கத்து வெள்ளைக்காரர்கள், அவர்களும் கிரியோல். பிரான்சிலிருந்து நேற்று வந்து இறங்கியவர் மட்டும் "ஸொரேய்".

பெரிய மாமா: அதுதான் சரியான பொருளும். போர்த்துகீசியத்தில் "கிரியார்" என்றால் வளர்ப்பது. அதிலிருந்து "கிரியோலு", ஸ்பானியத்தில் "கிரியோயோ", பிரெஞ்சில் "கிரெயோல்". தோல் நிறம் இந்தச் சொல்லுக்குள் முதலில் இல்லவே இல்லை. எங்கே பிறந்து வளர்ந்தாய் என்பதுதான் கேள்வி.

நான்: மாமா வகுப்பை ஆரம்பித்துவிட்டார் 😄

பெரிய மாமா: ஆரம்பித்துவிட்டேன், கேள். பெருவில் பிறந்த இன்கா கார்சிலாசோ, அம்மா இன்கா வம்சம், அப்பா ஸ்பானியர். 1609-இல் வெளியான தன் நூலில் இந்தச் சொல்லை உண்டாக்கியதே ஆப்பிரிக்கர்கள்தான் என்று எழுதுகிறார். கப்பலில் அடிமைகளாக வந்த பெற்றோர் வேறு, அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பிள்ளை வேறு என்று பிரித்துச் சொல்ல. ஆப்பிரிக்காவின் கினியாவில் பிறந்தவரைக் கிரியோயோ என்றால் கோபம் வருமாம். சொந்த மண்ணில் பிறந்த தனக்குத்தான் மதிப்பு அதிகம் என்று. அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். அப்புறம் ஸ்பானியர்களும் அங்கே பிறந்த தங்கள் பிள்ளைகளுக்கு அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா: அண்ணா, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வரியில் சொல்லுங்கள். அடுப்பில் பால் இருக்கிறது.

பெரிய மாமா: நாட்டுக்கோழி.

அம்மா: என்னது?

பெரிய மாமா: தென் அமெரிக்காவில் நாட்டுக்கோழியை "கயினா கிரியோயா" என்பார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் லூசியானா மண்ணில் விளைந்தது "கிரியோல் தக்காளி". நாம் சொல்லும் "நாட்டு"தான் அது.

நான்: ஆனால் தக்காளியே கடல் தாண்டி வந்ததுதானே மாமா? நாமும் கூசாமல் நாட்டுத் தக்காளி என்கிறோம்.

பெரிய மாமா: அதேதான்! அர்ஜென்டினாவின் கிரியோயோ குதிரையும் ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளின் வழி.

அண்ணன்: அப்போது கலப்பு என்று நான் படித்தது?

பெரிய மாமா: சில ஊர்களில் அந்தப் பொருளும் பின்னால் ஏறிக்கொண்டது. ஊருக்கு ஊர் மாறும்.

சித்தி: பக்கத்திலேயே பாருங்கள். மொரீஷியஸ் இங்கிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே கிரியோல் என்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வழி வந்தவர்கள். அங்குள்ள தமிழர் வீட்டில் கிரியோல் மொழி பேசுவார், ஆனால் தன்னைக் கிரியோல் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

நான்: அந்த மொழி உடைந்த பிரெஞ்சு என்கிறார்களே?

பெரிய மாமா: என் காதில் விழ அப்படிச் சொல்லாதே. தோட்டத்தில் பாஷை புரியாமல் சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழி ஆகிவிட்டது. அதற்கென்று இலக்கணம் உண்டு. மொரீஷியஸில் வீடு "லகாஸ்", தண்ணீர் "திலோ", அரிசி "திரி". பிரெஞ்சில் சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும் லா, து எல்லாம் இங்கே சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டன. கரீபியன் நாடான ஹெய்ட்டியில் 1987 அரசியல் சட்டப்படி அங்குள்ள கிரியோலும் ஆட்சிமொழி.

அம்மா: பால் பொங்கிவிட்டது. எல்லாம் உங்களால்தான்.

அம்மா: டேய், அந்த அம்மாவிடம் போய்ப் பேசினாயா இல்லையா?

அண்ணன்: இப்போதுதான் கீழே போனேன். "கொமான் இ லே?" என்று அவர் பாஷையிலேயே நலம் விசாரித்தேன். "லே லா" என்றார்.

சித்தி: "இருக்கிறேன்" என்று அர்த்தம். கோபம் இல்லை, விடு.

அண்ணன்: ஒரு கிண்ணத்தில் தக்காளி ருகாய் வேறு கொடுத்தார். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய். செம காரம்.

பெரிய மாமா: ருகாய் நம் ஊறுகாய்தான் மாப்பிள்ளை.

அம்மா: ஊறுகாயா! அப்படியானால் வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வா. எத்தனை மாதம் தாங்கும்?

சித்தி: ராத்திரி வரைக்கும் அக்கா. அன்றன்றைக்கு நறுக்கிக் கலப்பது. பேர் மட்டும்தான் ஊறுகாய்.