பைக் டூர்ல டென்ட் போட்டுத் தூங்கினவங்க, ராத்திரி யாரையெல்லாம் சந்திச்சீங்க?

நானே ஆரம்பிக்கிறேன். இமயமலைல மணாலி டூ லே ரூட், ரூம் காசு மிச்சம் பண்ணலாம்னு ஜிஸ்பாங்கற ஊர்ல பாகா ஆத்தோரமா டென்ட் போடப் பாத்தோம். முழுக்க சரளைக்கல்லு, ஆணி ஒரு விரக்கடை கூட எறங்கல. கயித்த ஒரு பக்கம் பைக் வீல்லயும் இன்னொரு பக்கம் பெரிய கல்லுலயும் கட்டிட்டு இருந்தப்ப ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவரு நின்னு பாத்துட்டு, தண்ணியக் காட்டி, அப்புறம் கைய முழங்கால் உசரத்துக்குத் தூக்கிக் காட்டுனாரு. பனி உருகி வர்ற ஆறு, பகல் வெயில்ல உருகுனது இங்க வந்து சேர சாயங்காலம் ஆயிடும், அப்பதான் மட்டம் ஏறும். அவரே டென்ட்டோட ஒரு மூலையப் புடிச்சு மேட்டுக்குத் தூக்கியாந்தாரு. ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா முதல்ல பாத்த எடத்துல தண்ணி ஓடுது. காசு குடுத்தா வாங்கல, ஒரு டீயோட கெளம்பிட்டாரு.

அப்புறம் அந்த ரூட்ல போறவங்க டாண்டி பங்க்லயே டேங்க ரொப்பிட்டு கேன்லயும் புடிச்சுக்கங்க, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு அங்க போர்டே வெச்சிருந்தாங்க.

---

நமக்கு மலையெல்லாம் இல்லீங்க, என்ஹெச் 44 தான். லாரி நிக்கிற பெரிய பங்க்கா பாத்து, டேங்க் ஃபுல் பண்ணிட்டு கேஷியர்கிட்ட ஓரமா படுத்துக்கட்டுமான்னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க, லைட் இருக்கு டாய்லெட் இருக்கு வேறென்ன வேணும், ஸ்டவ் மட்டும் அங்க பத்தவே வெக்கக் கூடாது. நாக்பூர் தாண்டி ஒரு பங்க்ல காலைல ஜிப்பத் தொறந்தா எதிர்ல டிஎன் 34, திருச்செங்கோட்டு வண்டி! டிரைவர் அண்ணன் பல்லு வெளக்கிட்டே நம்ம நம்பர் பிளேட்டப் பாத்துட்டு, "ஏன் தம்பி, வூட்ல சண்டையா?"ன்னாரு. பங்க்க விட்டு நல்லா தள்ளிப் போயி லாரி நெழல்ல பம்ப் ஸ்டவ்ல சோறு வடிச்சு ரசம் வெச்சாங்க. நாலு நாளா ரொட்டியே தின்ன வாய்க்கு அது கல்யாண விருந்துங்க. எங்கூட வந்தவன் மூணு தடவ வாங்கிச் சாப்ட்டான், வெக்கமே இல்லாம.

---

தனியா ஓட்டுற பொண்ணு நான், அதனால ஆளில்லாத எடத்துல டென்ட் போட மாட்டேன், வீடு இருக்குற எடமா பாத்துக் கேட்டுருவேன். மைசூர்ல இருந்து ஊட்டி வர்றப்ப லேட்டாயிடுச்சு, பந்திப்பூர் ரோட்ட ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிருவாங்க, காட்டுக்குள்ள டென்ட் பேச்சுக்கே எடமில்ல. குண்டல்பேட்டை பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுல கேட்டேன். அந்தப் பாட்டி வாசல்ல எடம் குடுத்ததோட விடாம, டென்ட்டுக்குள்ள தவழ்ந்து போயி ஜிப்ப மூடி மூடித் தொறந்து பாத்து, காலை நீட்டிப் படுத்தும் பாத்துட்டு வெல கேட்டாங்க. 2,500ன்னேன். அதுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிருக்கலாமேன்னுட்டாங்க.