காக்கி மேற்சட்டையில் உள்ள பதக்க நாடாக்கள்: அசலா, பிற்பாடு தைத்தவையா?

கேள்வி (பினாங்கு)

வணக்கம். சென்ற ஞாயிறன்று லோரோங் குலிட் சந்தையில் பழைய காக்கி ராணுவ மேற்சட்டை ஒன்றை 280 வெள்ளிக்கு வாங்கினேன். இடப்பக்கப் பைக்கு மேலே, பதக்கங்களைக் குறிக்கும் ஐந்து துணி நாடாக்கள் ஒரே வரிசையில் தைக்கப்பட்டுள்ளன. பொத்தான் பக்கத்திலிருந்து அவை முறையே 1939-45 ஸ்டார் (இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர வடிவப் பதக்கம்), பசிபிக் ஸ்டார், பர்மா ஸ்டார், 1939-45 போர்ப் பதக்கம், ஊதாவின் நடுவே பச்சைக் கோடு ஓடும் பொதுச் சேவைப் பதக்கம் ஆகியவற்றுக்கு உரியவை. இதை அணிந்தவர் சிங்கப்பூர் வீழும் முன் மலாயாவிலும், பின்னர் பர்மாவிலும், மலாயா அவசரகாலத்திலும் (1948-60 கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) பணியாற்றியவர் என்று விற்றவர் கூறினார். அவசரகாலத்தில் காவல் பணி செய்த என் தாத்தாவின் உடை எதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை என்பதால் இந்தச் சட்டையைப் பார்த்ததும் விட்டுவர மனம் வரவில்லை. ஆனால் நாடாக்களின் பளபளப்பு உறுத்துகிறது. எப்படிச் சோதிப்பது?

மறுமொழி (கோலாலம்பூர்)

வரிசை சரிதான், சேர்க்கைதான் தவறு. பசிபிக் ஸ்டார், பர்மா ஸ்டார் இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்கு முதலில் ஈட்டியது மட்டுமே வழங்கப்பட்டது. இரண்டாவதற்காக அதன்மேல் ஓர் உலோகப் பட்டை தரப்பட்டது. நாடாவை மட்டும் அணியும்போது அதைக் குறிக்க வெள்ளி நிற ரோசெட் (சிறு பூ வடிவ உலோகச் சின்னம்) ஒன்றைப் பொருத்தினார்கள். ஆகவே, விற்றவர் சொன்ன கதை உண்மையாகவே இருந்தாலும், அந்த வீரர் ரோசெட் பொருத்திய பசிபிக் ஸ்டார் நாடாவைத்தான் அணிந்திருக்க வேண்டும்.

பொதுச் சேவைப் பதக்கத்தின் நாடா அவசரகாலத்துக்குச் சான்றாகாது. 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான மலாயாப் பணிக்கும், பாலஸ்தீனப் பணிக்கும், 1945-46 தென்கிழக்காசியப் பணிக்கும் அதே நாடாதான். வேறுபாடு பதக்கத்தின் மேலுள்ள, பணியிடத்தின் பெயர் பொறித்த உலோகப் பட்டையில்தான் தெரியும். 1939-45 ஸ்டார் நாடாவில் கருநீலம் பொத்தான் பக்கம் இருக்கிறதா (அதுவே சரியான பக்கம்) என்றும் பாருங்கள்.

மறுமொழி (பினாங்கு)

எங்கள் குடும்பம் டோபி காட் பக்கம் சலவைத் தொழில் செய்தது. ஆகவே துணியைப் பற்றிச் சொல்கிறேன். காக்கி டிரில் என்னும் கெட்டிப் பருத்தித் துணியை அடித்துத் துவைத்துக் கஞ்சி போடுவார்கள் என்பதால், பலர் நாடாக்களை ஊசி வைத்த பட்டையில் கோத்து, சலவைக்கு முன் கழற்றிவிடுவார்கள். அதற்காகச் சட்டையில் சிறு நூல் கண்ணிகள் இருக்கும். நேரடியாகத் தைத்து ஆண்டுக்கணக்கில் அணிந்திருந்தால், நாடாவுக்கு அடியிலுள்ள காக்கி வெளுக்காமல் அழுத்தமான நிறத்தில் நிற்கும். பணத்தாள் சோதிக்கும் புற ஊதா விளக்கைத் தையல் நூலின்மேல் காட்டுங்கள். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது பிற்கால நூலோ என்று ஐயப்படலாம். ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த பழைய பருத்தியும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாடா அசலாக இருப்பது வேறு, அது இந்தச் சட்டைக்கு உரியதாக இருப்பது வேறு.

கேள்வி கேட்டவர்

நேற்றிரவு பார்த்தேன். நாடாக்களின் நூல் ஒளிர்கிறது. சட்டையின் மற்றத் தையல்கள் ஒளிரவில்லை. நாடா ஓரத்தைத் தூக்கினால் அடித்துணியும் சுற்றியுள்ள துணியைப் போலவே வெளுத்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே, ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், மங்கிய காக்கி நூலால் கட்டிய இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. கழுத்துப்பட்டியின் உட்புறம் மையில் இட்ட சலவைக்குறியும் தெரிகிறது.

மறுமொழி (கோலாலம்பூர்)

ஒரு நாடாவின் அகலம் 32 மில்லிமீட்டர். அந்தக் கண்ணிகளுக்கு இடையே மூன்று நாடாக்கள் கொண்ட பட்டைதான் கச்சிதமாக அமரும். சட்டை பழையது, ஐந்து நாடாக்களும் பிற்பாடு வந்தவை என்பதே என் கருத்து. துவைக்காதீர்கள். இப்போதுள்ள நிலையிலேயே உள்ளும் புறமும் படமெடுத்துவிட்டு, புதிய நூலை மட்டும் நறுக்கி நாடாக்களை எடுத்துத் தனி உறையில் வையுங்கள். கண்ணிகளையும் சலவைக்குறியையும் தொடாதீர்கள்.