நீலகிரி தேவாலா தங்கச் சுரங்கத்துக் கல்லான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பந்தலூர்வாசி:
தாத்தாவோட ட்ரங்க் பெட்டில வெள்ளைக் கல்லு ஒண்ணு கிடைச்சுது, நடுவுல மஞ்சளா மினுக்குது, வெள்ளக்காரன் காலத்து தேவாலா சுரங்கத்துக் கல்லுன்னு பாட்டி சொல்றாங்க, நிஜமான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?

கல்கிறுக்கன்:
முதல்ல தங்கமான்னு பாருங்க பாஸ். டைல்ஸோட சொரசொரப்பான பின்பக்கத்துல மினுக்குற எடத்த லேசா உரசுங்க, மஞ்சக் கோடு விழுந்தா தங்கம், கறுப்பா விழுந்தா பைரைட், அதாவது தங்கம் மாதிரியே மினுக்குற இரும்புத் தாது. ஊசியால குத்துனா தங்கம் பள்ளமாகும், பைரைட் தூளாகும். எங்க வீட்டுக் கல்லு கறுப்புக் கோடுதான் போட்டுச்சு 😭

மலைக்காத்து:
எந்தச் சுரங்கம்னு சொல்றதுதான் கஷ்டம். 1880 வாக்குல லண்டன்ல கம்பெனி கம்பெனியா ஷேர் வித்து தேவாலா பந்தலூர்னு குவார்ட்ஸ்னு சொல்ற வெள்ளப் பாறையக் குடைஞ்சாங்க, கொஞ்ச வருஷத்துல புஸ்ஸுன்னு போச்சு, பாக்க எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும். லேப்ல தங்கத்தோட எவ்வளவு வெள்ளி கலந்திருக்குன்னு பாத்து, எடம் தெரிஞ்ச கல்லோட ஒப்பிடணும். பெட்டில துண்டுச்சீட்டு ஏதாச்சும் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, கல்ல விட அதுதான் முக்கியம்.

பந்தலூர்வாசி:
மஞ்சக் கோடு விழுந்துச்சு!! சீட்டு எதுவும் இல்ல, பழைய சுரங்கக் குகைப் பக்கம் போய் ஒரு கல்லு எடுத்துட்டு வந்து ஒப்பிடலாமா?

மலைக்காத்து:
யப்பா வேணாம். மண்ணு சரிஞ்சு அங்க ஆளுங்க செத்திருக்காங்க.